புற்றுநோய்க்குப் புதிய சிகிச்சை: இந்தியரின் திசு வகை கணக்கில் வருமா?

புதுதில்லி: 2024-ம் ஆண்டு ஆகஸ்ட் முதல் வாரத்தில் இரண்டு நாடுகளில் இரண்டு உத்தரவுகள் வெளியாயின. ஆகஸ்ட் 1-ம் தேதி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், 'டெசெல்ரா' என்ற புற்றுநோய் சிகிச்சைக்கு அனுமதி அளித்தது. ஆகஸ்ட் 7-ம் தேதி தில்லியில் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றில் அனுமதி பெற்ற ஐந்து வகைப் புதிய மருந்துகளுக்கு, இந்திய நோயாளிகளிடம் தனியாக மருத்துவப் பரிசோதனை நடத்துவதிலிருந்து விலக்கு அளிக்க அது வழிவகுத்தது. அந்த ஐந்து வகைகளில் மரபணு மற்றும் செல் சிகிச்சைகளும் ஒன்று.

இரண்டு உத்தரவுகளுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால், இரண்டையும் சேர்த்து வாசித்தால் நாடாளுமன்றம் விவாதிக்க வேண்டிய ஒரு கேள்வி எழுகிறது. டெசெல்ரா எல்லோருக்கும் பொருந்தும் மருந்தல்ல. குறிப்பிட்ட சில திசு வகைகளைக் கொண்டவர்களுக்கு மட்டுமே அது பயன்படும். இந்தியரிடம் பரவலாகக் காணப்படும் ஒரு முக்கியத் திசு வகை அந்தப் பட்டியலில் இல்லை.

உடலின் காவல் முறை

மனித உடலின் நோய் எதிர்ப்புப் படையில் டி-செல்கள் எனப்படும் வெள்ளை அணுக்கள் முக்கியமானவை. ஒவ்வொரு டி-செல்லின் மேற்பரப்பிலும் 'ஏற்பி' என்ற புரத அமைப்பு உள்ளது. பகைவன் யார், உறவினன் யார் என்று தரம் பிரிப்பது இந்த ஏற்பியின் வேலை. பெரும்பாலான டி-செல்களில் ஆல்பா, பீட்டா என்ற இரண்டு சங்கிலிகள் இணைந்து அது உருவாகிறது. மரபணுத் துண்டுகள் பல்வேறு விதமாகச் சேர்வதால், ஒருவரின் உடலிலேயே கோடிக்கணக்கான வெவ்வேறு ஏற்பிகள் உருவாகின்றன.

இந்த ஏற்பியால் ஒரு செல்லின் உட்புறத்தை நேரடியாகப் பார்க்க முடியாது. செல்தான் தனக்குள் நடப்பதை வெளியே காட்ட வேண்டும். உள்ளே உற்பத்தியாகும் புரதங்களைச் சிறு துணுக்குகளாக வெட்டி, ஹெச்.எல்.ஏ. எனப்படும் தட்டு போன்ற மூலக்கூறில் ஏந்தி, ஒவ்வொரு செல்லும் தன் மேற்பரப்பில் வைக்கிறது. துணுக்கையும் தட்டையும் சேர்த்தே டி-செல் ஏற்பி படிக்கிறது. துணுக்கு வைரஸுடையது என்றாலோ, மாறிப்போன புரதத்துடையது என்றாலோ அந்தச் செல் அழிக்கப்படுகிறது.

தட்டு மாறினால், துணுக்கு அதுவே ஆனாலும் ஏற்பிக்கு அது புரியாது. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ரோல்ஃப் சிங்கர்நாகல், பீட்டர் டோஹர்ட்டி ஆகியோர் 1970-களின் முற்பகுதியில் கண்டறிந்த உண்மை இது. இதற்காக 1996-ல் அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஏற்பியின் மரபணுவை 1984-ல் அமெரிக்காவில் மார்க் டேவிஸ் குழுவும், கனடாவில் டாக் மாக் குழுவும் தனித்தனியே பிரித்தெடுத்தன.

இந்தத் தட்டுகள் ஆளுக்கு ஆள் மாறுபடும். சிறுநீரக மாற்று, எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைகளுக்கு முன் மருத்துவர்கள் பொருத்தம் பார்ப்பது இவற்றைத்தான். பேச்சு வழக்கில் 'திசு வகை' எனப்படுவதும் இதுவே.

புற்றுநோய் தப்பிக்கும் வழி

புற்றுநோய்ச் செல் அந்நியன் அல்ல. உடலின் சொந்தச் செல்லே தடம் மாறியது. சொந்தச் செல்களைக் கடுமையாகத் தாக்கக்கூடிய டி-செல்களை, மார்பெலும்பின் பின்னே உள்ள தைமஸ் சுரப்பி இளமையிலேயே களைந்துவிடுகிறது. உடலைத் தன்னிடமிருந்தே காக்கும் இந்த ஏற்பாடு, புற்றுநோய்க்கும் சாதகமாகிவிடுகிறது. அதை இனங்காணும் வலிமை மிக்க ஏற்பிகள் உடலில் குறைவாகவே எஞ்சுகின்றன.

அந்தக் குறையை ஆய்வகத்தில் ஈடுசெய்வதே ஏற்பி சிகிச்சை. நோயாளியின் ரத்தத்திலிருந்து டி-செல்கள் பிரித்தெடுக்கப்படுகின்றன. புற்றுநோயை அடையாளம் காணும் ஏற்பியின் மரபணு, தீங்கற்றதாக மாற்றப்பட்ட வைரஸ் மூலம் அவற்றுக்குள் செலுத்தப்படுகிறது. பல கோடியாகப் பெருக்கப்பட்ட பின், அவை நோயாளியின் உடலுக்கே திருப்பி அனுப்பப்படுகின்றன. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஸ்டீவன் ரோசன்பெர்க் குழு 2006-ல் இதை முதன்முதலில் மெலனோமா நோயாளிகளிடம் செய்து காட்டியது. 17 பேரில் 2 பேருக்குக் கட்டிகள் நீடித்துச் சுருங்கின. எண்ணிக்கை சிறியது என்றாலும் பாதை திறந்துவிட்டது.

இந்தியா சாதித்தது

இதற்கு இணையாக வளர்ந்த மற்றொரு முறை 'கார்-டி'. இஸ்ரேலிய விஞ்ஞானி ஸெலிக் எஷ்ஹார் 1980-களின் இறுதியில் முன்வைத்த கருத்து இது. இயற்கை ஏற்பிக்குப் பதிலாக, புற்றுநோய்ச் செல்லின் மேற்பரப்பில் உள்ள புரதத்தை நேரடியாகப் பற்றும் செயற்கை ஏற்பி இதில் பொருத்தப்படுகிறது. இதற்குத் தட்டு தேவையில்லை. எனவே திசு வகையும் தடையில்லை. 2017-ல் அமெரிக்காவில் முதல் கார்-டி சிகிச்சை அனுமதி பெற்றபோது அதன் விலை 4.75 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 3 கோடி ரூபாய்.

இந்த இடத்தில்தான் இந்தியா தன் திறமையைக் காட்டியது. மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ராகுல் புர்வார் குழுவும், டாடா நினைவு மையத்தின் மருத்துவர்களும் இணைந்து சொந்தமாக ஒரு கார்-டி சிகிச்சையை உருவாக்கினர். 2021 ஜூன் மாதம் முதல் நோயாளிக்கு அது செலுத்தப்பட்டது. மருத்துவப் பரிசோதனைக்கு மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் தேசிய உயிரிமருந்து இயக்கம் ரூ.19.15 கோடி ஒதுக்கியது. 'நெக்ஸ்கார்-19' எனப் பெயரிடப்பட்ட அந்தச் சிகிச்சை 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. 2024 ஏப்ரல் 4-ம் தேதி குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். 64 நோயாளிகளிடம் நடந்த பரிசோதனையின் முடிவுகள் 2025-ல் சர்வதேச மருத்துவ இதழில் வெளியாயின. மதிப்பிடப்பட்ட நோயாளிகளில் சுமார் 73 சதவீதம் பேரிடம் நோய் கட்டுக்குள் வந்தது தெரியவந்தது. 2025 ஜனவரியில் பெங்களூருவைச் சேர்ந்த இம்யூனீல் நிறுவனமும் தனது கார்-டி சிகிச்சையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

நெக்ஸ்கார்-19-ன் விலை 30 முதல் 40 லட்சம் ரூபாய் அளவில் உள்ளது. அமெரிக்க விலையுடன் ஒப்பிட்டால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அரசுப் பணமும் அரசு நிறுவனங்களின் உழைப்பும் இல்லாமல் இந்த விலைக் குறைப்பு நடந்திருக்காது.

ஆனால், கார்-டி சிகிச்சைக்கு ஓர் எல்லை உண்டு. செல்லின் மேற்பரப்பில் உள்ளதை மட்டுமே அது காணும். ரத்தப் புற்றுநோய்களில் அது சாதித்ததைத் திடமான கட்டிகளில் இன்னும் சாதிக்கவில்லை. மார்பகம், வாய், கருப்பை வாய் ஆகிய உறுப்புகளில் தோன்றும் கட்டிகளே இந்தியாவின் பெரும் சுமை. 2022-ல் நாட்டில் 14.61 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் ஏற்பட்டதாகத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் மதிப்பிட்டது. அவர்களில் ரத்தப் புற்றுநோயாளிகள் சிறு பகுதியினரே.

கட்டிகளை எட்டும் ஏற்பி

செல்லின் உள்ளே இருக்கும் புரதத்தையும் அறியக்கூடியது இயற்கையான டி-செல் ஏற்பி. எனவேதான் திடக் கட்டிகளுக்கு எதிரான நம்பிக்கை மீண்டும் அதன் பக்கம் திரும்பியுள்ளது. 2022 ஜனவரியில், டி-செல் ஏற்பியை அடிப்படையாகக் கொண்ட முதல் மருந்தான 'டெபென்டஃபஸ்ப்', ஒரு வகைக் கண் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன்பின் வந்ததே டெசெல்ரா. மூட்டுகளை ஒட்டிய மென் திசுக்களில் தோன்றும் சைனோவியல் சர்கோமா என்ற அரிய புற்றுநோய்க்கு அது தரப்படுகிறது. பரிசோதிக்கப்பட்ட 44 பேரில் 43 சதவீதத்தினருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. திடக் கட்டிக்கு எதிராக, மரபணு மாற்றிய டி-செல் ஏற்பி சிகிச்சை அனுமதி பெற்றது அதுவே முதல்முறை.

இந்தியாவுக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு கருப்பை வாய்ப் புற்றுநோய் தொடர்பானது. பெரும்பாலும் ஹெச்.பி.வி. வைரஸால் வரும் நோய் அது. அந்த வைரஸின் புரதத்தைக் குறிவைத்த ஏற்பியைக் கொண்டு, ஹெச்.பி.வி. தொடர்பான புற்றுநோய்கள் முற்றிய 12 பேருக்கு அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் சிகிச்சை அளிக்கப்பட்டது. 6 பேருக்குக் கட்டி சுருங்கியதாக 2021-ல் அறிக்கை வெளியானது. 2022-ம் ஆண்டுக்கான சர்வதேச மதிப்பீட்டின்படி இந்தியாவில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏற்பட்டது. சுமார் 80 ஆயிரம் பேர் உயிரிழந்தனர்.

டெபென்டஃபஸ்ப் மருந்துக்கும், கருப்பை வாய்ப் புற்றுநோய் ஆய்வில் பயன்பட்ட ஏற்பிக்கும் தேவைப்படும் தட்டு ஒன்றுதான்: ஹெச்.எல்.ஏ. ஏ-02:01. டெசெல்ராவுக்கு அதனுடன் ஏ-02:02, ஏ-02:03, ஏ-02:06 ஆகிய வகைகளும் ஏற்கத்தக்கவை. ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஏ-02 குடும்பத்தைச் சேர்ந்த தட்டு உண்டு. அதிலும் 02:01 வகையே மிகுதி. மேலை நாட்டு ஆய்வகங்கள் அதிலிருந்து தொடங்கியது இயல்பே. தங்கள் மக்களுக்கு எது பயன்படுமோ அதையே அவர்கள் முதலில் செய்வார்கள்.

இந்தியரின் நிலை

இந்தியரிடமும் ஏ-02 குடும்பம் உண்டு. ஆனால், அதில் மேலோங்கியிருப்பது 02:01 அல்ல, 02:11 என்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பேராசிரியர் என்.கே. மெஹ்ரா குழுவினர் 2001-லேயே ஆய்விதழில் எழுதினர். பெயரளவில் இரண்டும் சகோதரர்களே. ஆயினும், ஏந்தும் துணுக்கிலும் ஏந்தும் விதத்திலும் சிறு வேறுபாடு இருந்தாலே ஏற்பி ஏமாந்துவிடக்கூடும். டெசெல்ராவுக்கான அனுமதிப் பட்டியலில் 02:11 இடம்பெறவில்லை. இவை தவிர ஏ-11, ஏ-24, ஏ-33 போன்ற வகைகளும் இந்தியாவில் பரவலாக உள்ளன.

நாடு முழுவதற்கும் ஒரே கணக்கும் கிடையாது. தலைமுறை தலைமுறையாகச் சமூகத்துக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கத்தால், ஒரே மாவட்டத்தில் வாழும் இரு சமூகங்களின் திசு வகைகள்கூட வேறுபடுகின்றன. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆர்.எம். பிச்சப்பன் குழுவினர் தென்னிந்தியச் சமூகங்களில் இந்த வேறுபாடுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்துள்ளனர். எலும்பு மஜ்ஜைப் பொருத்தம் தேடும் குடும்பங்கள் படும் பாட்டுக்கும் இதுவே முக்கியக் காரணம். 2009-ல் சென்னையில் தொடங்கப்பட்ட 'தாத்ரி' ரத்த ஸ்டெம் செல் கொடையாளர் பதிவகத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்துள்ளனர். 140 கோடி மக்கள் வாழும் நாட்டில் அது போதவில்லை.

வேறு தட்டுகளுக்கு ஏற்பிகளை உருவாக்க முடியாது என்பதல்ல. ஆசியாவில் பரவலான ஏ-11:01 வகைக்குப் பொருந்தும் ஏற்பிகளை அமெரிக்க விஞ்ஞானிகளே 2016-ல் வெளியிட்டனர். கணையம், குடல் போன்ற உறுப்புகளின் புற்றுநோய்களில் காணப்படும் கேராஸ் என்ற மரபணு மாற்றத்தை அவை குறிவைக்கின்றன. தேவை அறிந்து தேடினால் கிடைக்கும் என்பதற்கு இது சான்று.

பாதுகாப்பும் விதியும்

பொருந்தாத ஏற்பி பயன் தராது என்பதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. தவறான இலக்கைத் தாக்கும் ஏற்பி உயிரையே பறிக்கும். அமெரிக்காவில் 'மேஜ்-ஏ3' என்ற புற்றுநோய்ப் புரதத்துக்காகக் கூர்மையாக்கப்பட்ட ஏற்பி செலுத்தப்பட்ட இரண்டு நோயாளிகள் சில நாள்களிலேயே இதயம் செயலிழந்து இறந்தனர். இதயத் தசையில் உள்ள 'டைட்டின்' என்ற புரதத்தின் துணுக்கையும் அந்த ஏற்பி பகைவனாக எடுத்துக்கொண்டதே காரணம் என்று 2013-ல் விளக்கப்பட்டது. முன்னதாக நடந்த வழக்கமான ஆய்வகச் சோதனைகள் இதைக் காட்டவில்லை. துடிக்கும் இதயச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்த பிறகே உண்மை வெளிப்பட்டது.

உள்நாட்டுப் பரிசோதனைக்கு விலக்கு அளிப்பதற்கு ஆதரவான வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. வேறு வழியில்லாத நோயாளிக்கு மூன்று ஆண்டுகள் காத்திருக்கச் சொல்வது தண்டனைக்குச் சமம். அரிய நோய்களுக்குப் போதிய எண்ணிக்கையில் நோயாளிகளைத் திரட்டிப் பரிசோதனை நடத்துவதும் எளிதல்ல. விலக்கு வேண்டும் என்று நோயாளிகளின் குடும்பங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆயினும், இதற்கான பாதுகாப்பு சட்டத்திலேயே உள்ளது. 2019-ம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளில் 75-வது விதி, உள்நாட்டுப் பரிசோதனைக்கு விலக்கு அளிக்கச் சில நிபந்தனைகளை விதிக்கிறது. மருந்தின் பாதுகாப்பையோ பலனையோ பாதிக்கக்கூடிய மரபணு வேறுபாடு இந்திய மக்களிடம் இருப்பதற்கான வாய்ப்போ சான்றோ இருக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. சந்தைக்கு வந்த பின் நான்காம் கட்டப் பரிசோதனை நடத்துவதாக நிறுவனம் எழுத்துமூலம் உறுதியளிக்க வேண்டும் என்பது மற்றொன்று.

டி-செல் ஏற்பி சிகிச்சையைப் பொருத்தவரை, மரபணு வேறுபாட்டுக்கான சான்று 2001 முதல் ஆய்விதழ்களில் உள்ளது. எனவே இவ்வகைச் சிகிச்சைகளுக்கு விலக்கு கோரப்படும்போது, இந்தியத் திசு வகைகளில் எத்தனை சதவீதத்துக்கு அது பொருந்தும் என்ற கணக்கை நிறுவனம் தாக்கல் செய்ய வேண்டும் என்று வெளிப்படையாக வரையறுப்பது அவசியம். மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வகுக்கப்படும் விதிகள் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும். அவற்றைத் திருத்தும் அதிகாரமும் அவைகளுக்கு உண்டு. விதியின் கீழ் பிறப்பிக்கப்படும் உத்தரவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகஸ்ட் 7 அறிவிப்பு உத்தரவாகவே வந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

பணம் எங்கிருந்து வரும்?

டெசெல்ராவின் அறிவிக்கப்பட்ட விலை 7.27 லட்சம் டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் 6 கோடி ரூபாய்க்கு மேல். சில புற்றுநோய் மருந்துகளுக்கு 2024-ம் ஆண்டு பட்ஜெட்டில் சுங்கவரி நீக்கப்பட்டது; 2025-ம் ஆண்டு பட்ஜெட்டில் மேலும் 36 உயிர்காக்கும் மருந்துகளுக்கு அடிப்படைச் சுங்கவரி விலக்கு கிடைத்தது. வரவேற்கத்தக்க நடவடிக்கைகளே. எனினும், 6 கோடி ரூபாய் மருந்தில் எவ்வளவு வரியைக் குறைத்தாலும் அது சாமானியரின் கைக்கு எட்டப் போவதில்லை.

உள்நாட்டில் தயாராகும் கார்-டி சிகிச்சைக்கே இந்த நிலைதான். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவப் பாதுகாப்பு கிடைக்கிறது. ராஷ்ட்ரீய ஆரோக்கிய நிதியின் உச்சவரம்பு 15 லட்சம் ரூபாய். 30 லட்சம் ரூபாய் சிகிச்சைக்கு இரண்டும் போதாது. அதே நேரத்தில், அரிய நோய்களுக்கான 2021-ம் ஆண்டின் தேசியக் கொள்கையில் 2022-ல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. ஒருமுறை அளிக்கும் செலவு மிகுந்த சிகிச்சைக்கு அரசு பெருந்தொகை வழங்குவதற்கு ஏற்கெனவே முன்னுதாரணம் இருக்கிறது.

சந்தையை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு டெசெல்ராவின் வரலாறே பாடம். அதை உருவாக்கிய அடாப்டிம்யூன் நிறுவனம், அனுமதி கிடைத்து ஓராண்டு ஆகும் முன்பே, 2025 ஜூலையில், நிதி நெருக்கடியால் அந்தச் சிகிச்சையை வேறொரு நிறுவனத்துக்கு விற்பதாக அறிவித்தது. செல்வந்த நாட்டிலேயே, குறிப்பிட்ட திசு வகை கொண்ட சிறு எண்ணிக்கை நோயாளிகளுக்கான சிகிச்சை வணிக ரீதியில் தள்ளாடுகிறது. 02:11 திசு வகை கொண்ட இந்தியருக்காக எந்தப் பன்னாட்டு நிறுவனம் தானாக முன்வந்து ஏற்பியைத் தேடும்?

நாடாளுமன்றம் செய்யக்கூடியது

ராம்கோபால் யாதவ் தலைமையிலான சுகாதாரத் துறை நாடாளுமன்ற நிலைக்குழு, 2022 செப்டம்பரில் புற்றுநோய் குறித்து விரிவான அறிக்கை அளித்தது. புற்றுநோயை அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. 1981-ல் தொடங்கப்பட்ட தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் இன்றும் மக்கள்தொகையில் ஒரு பகுதியை மட்டுமே உள்ளடக்குகிறது. யாருக்கு, எங்கே, என்ன புற்றுநோய் என்பதே முழுமையாகத் தெரியாத நிலையில், திசு வகைக் கணக்கு அடுத்த படியாகிவிடுகிறது.

அடித்தளம் இல்லாமலும் இல்லை. உயிரித் தொழில்நுட்பத் துறையின் 'ஜீனோம் இந்தியா' திட்டத்தில் 80-க்கும் மேற்பட்ட மக்கள் குழுக்களைச் சேர்ந்த சுமார் 10 ஆயிரம் பேரின் மரபணுத் தொகுப்பு வாசிக்கப்பட்டுள்ளது. 2025 ஜனவரியில் அந்தத் தரவுகள் ஆய்வாளர்களின் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டன. ஃபரீதாபாதில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் அவை வைக்கப்பட்டுள்ளன. அதிலிருந்து இந்தியத் திசு வகை வரைபடத்தைத் தயாரித்து, எந்தெந்த வகைகளுக்கு முதலில் ஏற்பிகளைத் தேட வேண்டும் என்று முன்னுரிமை வகுக்க முடியும். கருப்பை வாய், வாய்ப் புற்றுநோய்களை முன்னிறுத்தி அதைச் செய்தால் பயனடைவோர் எண்ணிக்கை லட்சங்களில் இருக்கும். ரூ.19.15 கோடி அரசு நிதியின் துணையோடு கார்-டி சிகிச்சையை நிலைநாட்டிய நாட்டுக்கு இது எட்டாத இலக்கு அல்ல.

கார்-டி சிகிச்சையில் இந்தியாவின் பிரச்சினை விலையாக இருந்தது. அதில் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. டி-செல் ஏற்பி சிகிச்சையில் விலையோடு பொருத்தமும் சேர்ந்துகொள்கிறது. விலக்குக்கான நிபந்தனையில் திசு வகையைச் சேர்ப்பது, செல் சிகிச்சைகளுக்குத் தனி நிதி ஒதுக்குவது, இந்தியத் திசு வகைகளுக்கான ஏற்பி ஆராய்ச்சிக்குப் பொதுப் பணம் அளிப்பது ஆகிய மூன்றும் மத்திய அரசின் அதிகார வரம்புக்குள் உள்ளவை. கேள்வி நேரத்திலும் மானியக் கோரிக்கை விவாதங்களிலும் உறுப்பினர்கள் இவற்றை எழுப்பத் தடை ஏதும் இல்லை. வெளிநாட்டில் அனுமதி பெற்ற அடுத்த ஏற்பி சிகிச்சை விலக்கு கோரி தில்லிக்கு வரும்போது, அது எத்தனை இந்தியருக்குப் பொருந்தும் என்று கேட்கும் கடமை அதிகாரிகளுக்கு விதியிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.